கொல்லத்து நர்சம்மாவின் வெள்ளை உடுப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து வரியில் நிற்காது, கீழ்ப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் முன்னால், அதிலும் பெண்கள் முன்னால், எனக்கு வாய் திறக்காது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் இந்தக் கதைக்கு உரிய அம்மாதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிறந்தது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில். 1948இல் ஒரு நாள், சமஸ்தானம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது என்றார்கள். அப்போது நான் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அதே கயிறு, அதே வாளி. நின்ற இடத்தில் நின்றபடியே வேறு ராஜ்யத்துக்காரன் ஆகிவிட்டேன். ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மனிதனுக்கு என்ன மாறும் என்று அன்றைக்கு யோசித்தேன். எனக்கு ஒன்றும் மாறவில்லை. நிஜமாகவே ஊர் விட்டு ஊர் வருகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது சில வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது நான் ஆலங்குடியில் ஒரு டாக்டர் வீட்டில் வேலையில் இருந்தேன். சமஸ்தான உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, முன்பகுதியில் சில கட்டில்களைப் போட்டுப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பின்கட்டில் அவரும் அவர் சம்சாரமும் குடியிருந்தார்கள். தண்ணீர் இறைப்பது, விறகு பிளப்பது, கத்தி கத்திரிக்கோலையும் துணிகளையும் பெரிய அண்டாவில் போட்டு வேகவைப்பது என் வேலை.

ஆண் டாக்டர் பிரசவம் பார்ப்பதை எங்கள் பக்கத்தில் ஏற்கமாட்டார்கள். அவர் வெளி அறையில் உட்கார்ந்திருப்பார். ஆபத்து என்றால்தான் உள்ளே கூப்பிடுவார்கள். மற்றதெல்லாம் நர்ஸ் கையில். இருந்த நர்சம்மா கல்யாணமாகித் திருச்சிப் பக்கம் போய்விட்டதால் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். கொல்லத்துக்காரர். திருவாங்கூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் படித்தவர். கொல்லத்தில் இருக்கும் முந்திரி ஆலைகளுக்கு ஆலங்குடிப் பக்கத்துக் கொட்டையை வாங்கி அனுப்பும் வேலையில் அவருடைய அண்ணன் இங்கே தங்கியிருந்தார். அப்பா இறந்தபின் அம்மாவும் தங்கையும் இவரும் செங்கோட்டை வழியாக ரயிலேறி அண்ணனிடமே வந்துவிட்டார்கள். அண்ணனுக்கு முந்திரிக் காலம் முடிந்தால் வருமானமும் முடிந்துவிடும். இவர் சம்பாதித்தால்தான் தங்கை தொடர்ந்து படிக்கலாம், குடும்பம் இங்கே காலூன்றலாம் என்ற நிலைமை.

அவர் டாக்டரிடம் வேலை கேட்ட அன்று நான் ஜன்னலுக்கு வெளியே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

“பெரிய ஆஸ்பத்திரியில கேட்டியாம்மா?” என்றார் டாக்டர்.

“கேட்டு சார். திருவாங்கூர்ல பதிஞ்ச நர்ஸை இங்கெ எடுக்க பற்றில்லான்னு சொல்லி. மெட்ராஸ்ல புதுசா பதியணுமாம். எல்லா பேப்பரும் அயச்சாச்சு. பதில் ஒண்ணும் வரல்ல.”

“கழுத்து எலும்பும் கை எலும்பும் ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறவா போகுது? சரி, அது அவுங்க சட்டம். பதிவு வர்ற வரைக்கும் எனக்குக் கூடமாட இரு. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். பங்குனி வரைக்கும் பாப்பேன். பிரசவத்துக்கு ஆள் வரலேன்னா இந்தக் கட்டிலையெல்லாம் தூக்கிட்டுக் காய்ச்சலுக்கு மருந்து குடுத்துக்கிட்டு நான் பாட்டுக்கு இருந்துக்குவேன். எனக்கு நர்ஸ் வேண்டியதில்ல.”

“மதி சார்,” என்றார் அவர். போதும் என்று அர்த்தம் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு ஆச்சரியமாக இருந்தது. பார்க்க என்றால் நேராக அல்ல, விறகுக்கட்டைகளுக்கு மேலாக. ஈரத் தலையை முடியாமல் நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு விட்டிருப்பார். தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவருவார்; அரிசி சிவப்பாக, ஒவ்வொன்றும் குண்டுகுண்டாக இருக்கும். குடிக்கிற தண்ணீரில் சீரகத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து, அதைச் சூடாகவே குடிப்பார். எங்கள் ஊர் வெயிலில் சுடுதண்ணீர் குடிக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. ஜுரமோ என்று முதலில் பயந்தேன். கத்திரிக்கோலை அண்டாவிலிருந்து எடுத்தால் முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, “கொள்ளாம் சேட்டா” என்பார். சேட்டா என்றால் அண்ணன் என்று தெரியும்; கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று தெரியாமல் நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவைப்பேன்.

உடுப்புத்தான் எல்லாவற்றிலும் விசேஷம். வேலை நேரத்தில் வெள்ளைப் புடவை. அது சரி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்சம்மாக்கள் வெள்ளை கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் வேலை முடிந்தால் கலர்ப் புடவையும் பூவுமாக பஸ் ஏறிப் போவார்கள். இவரோ வேலை முடிந்தால் வெள்ளைப் புடவையை மாற்றிவிட்டு வேறொரு வெள்ளையை உடுத்திக்கொள்வார். கோரா நிறத்தில் வேட்டி மாதிரி ஒன்று, மேலே அதே நிறத்தில் ஒரு துண்டு. சந்தைக்கும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதுதான். நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை, கையில் வளையல் இல்லை. வயதோ இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும்.

எங்கள் ஊரில் இதைப் பார்க்கிற யாருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் தோன்றும். எனக்கும் அதுவே தோன்றியது. இந்தச் சின்ன வயதில் இப்படியாகிவிட்டதே என்று மனசுக்குள் பரிதாபப்பட்டேன்.

கட்டில்கள் காலியாகவே இருந்தன. நர்ஸ் வந்துவிட்டார் என்று டாக்டர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வண்டிகள் வரவும் செய்தன. வாசல்வரை வந்து திரும்பிவிட்டன. ஒரு நாள் மேற்கே ஒரு கிராமத்திலிருந்து கூண்டு வண்டியில் முதல் பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். நர்சம்மா ஓடிப்போய்ப் பெண்ணை இறக்கக் கை கொடுத்தார். மாமியார்க்காரி வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவர், மருமகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இருடி, எறங்காத. ஏப்பா வண்டிய இங்கிட்டுத் திருப்பு. புதுக்கோட்டைக்கே போயிருவோம்.”

“எந்தா அம்மா? வலி எடுத்தாச்சில்லே? புதுக்கோட்டெ தூரமல்லே?” என்றார் நர்சம்மா.

“அதெல்லாம் இன்னும் நேரங் கெடக்கு தாயி. நீ ஒண்ணும் நெனச்சுக்காத. ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல.”

வண்டி திரும்பிப் போயிற்று. அவர் நீட்டிய கையோடு நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேகமாக விறகு பிளந்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் வீட்டுச் சமையற்காரம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. “என்டெ தமிழ் மோசமா? அதோ ஞான் கிறிஸ்தியானின்னா? வேற ராஜ்யத்துலேர்ந்து வந்தவன்னு கைய நம்பலியா? எந்தான்னு யாராவது சொன்னா நான் திருத்திக்கலாம்.”

சமையற்காரம்மா, “அப்பிடியெல்லாம் இல்ல தாயி, எல்லாம் நேரம்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்சம்மாவுக்கு அந்தக் கண்ணீர் எதற்கென்று புரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை தோறும் டாக்டர் வீட்டம்மா பூஜை முடித்து, வீட்டில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் குங்குமமும் பூவும் கொடுப்பார். நர்சம்மாவிடம் வரும்போது தட்டை மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு வாழைப்பழத்தை மட்டும் கொடுத்து, தலையைத் தடவிவிட்டுப் போவார். வேதக்காரப் பெண் என்பதால் குங்குமம் தரவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டார். கட்டியவனை இழந்த பெண்ணிடம் குங்குமத்தட்டை நீட்டி நோகடிக்கக்கூடாது என்று அந்தம்மா நினைத்துக்கொண்டார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அநாகரிகம்.

நடுவில் ஒரே ஒரு பிரசவம் நடந்தது. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டு மருமகள். திரை கட்டிய வண்டியில் வந்தார்கள். வந்த பெண்கள் எல்லோருமே தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார்கள். மூத்த அம்மா நர்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இருக்கீங்கன்னு கேள்விப்பட்டுத்தாம்மா வந்தோம். ஆம்பளையாளு உள்ள வரமாட்டாகல்ல?” என்று கேட்டதோடு சரி. பெண் குழந்தை. சுகப்பிரசவம். நர்சம்மா அன்று கிணற்றடியில் கை கழுவும்போது எதையோ பாடிக்கொண்டிருந்தார்.

“சேட்டா, இவங்க மாத்திரம் வந்தாங்க. மத்தவங்க வரல்ல. எந்தா வித்தியாசம்?” என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளை உடுத்திய கூட்டத்துக்கு வெள்ளை உடுப்பு கண்ணில் உறுத்தவில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? வாளியைக் கிணற்றில் விட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு புதிர் மாதிரி ஆகிவிட்டது. தாலி அறுத்தவர் முகத்தில் ஒரு சோர்வு இருக்கும். இவர் முகத்தில் அது இல்லை. வேலை கிடைக்குமா என்ற கவலை மட்டும்தான் தெரிந்தது. அவருடைய அம்மாவும் தங்கையும் ஒரு நாள் சர்ச் முடிந்து வந்தார்கள். அம்மாவும் வெள்ளை. அது நியாயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையான தங்கையும் ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளையில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையுமா? ஒரே குடும்பத்தில் எல்லோருக்குமா இப்படி நடக்கும்? யோசிக்க யோசிக்க எங்கேயோ உதைத்தது. பங்குனியும் பிறந்துவிட்டது. டாக்டர் கட்டில்களை யாருக்கோ விலை பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம், வேகவைத்த துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தோம். பெரிய விரிப்புத் துணி ஒன்று. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் துணி இருந்ததால் முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால்தான் எனக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

“நர்சம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“சேட்டன் பேசுமா! கேளுங்க, கேளுங்க.”

“தப்பா நெனச்சுக்கக் கூடாது. ஒங்க வீட்டுக்காரரு… எப்பத் தவறினாருங்க?”

கொடி ஆடியது. அவர் துணியை ஒரு கையால் விலக்கிவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஏது வீட்டுக்காரர்?”

“இல்லீங்க… வெள்ளையா உடுத்துறீங்களே, அதனால…”

“எனக்குக் கல்யாணமே ஆகல்லியே!”

நான் தரையைப் பார்த்தேன். அவர் தன் உடுப்பைக் கீழே மேலே பார்த்துக்கொண்டார். சிரிக்க ஆரம்பித்தார். கொடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அந்தச் சிரிப்பு எப்படி நின்றது என்று தெரியவில்லை, முகம் சிவந்துவிட்டது.

“ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தானா?”

தலையாட்டினேன்.

“ஆருமே என்னோட சோதிக்கல்லியே சேட்டா! ஒருத்தர் கேட்டிருந்தா போதுமே!”

ஈரத்துணியைக் கூடையில் போட்டுவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். டாக்டர் வீட்டம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“அடி ஆத்தி! கொமரிப் பொண்ணா நீ? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஒனக்குப் பூவுகூடக் குடுக்காம வாழப்பழத்தக் குடுத்து அனுப்புனேனே! ஏங்க, இங்கிட்டு வாங்க!”

டாக்டர் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி வந்தார். “கல்யாணம் ஆகாத பொண்ணுதான். அதுல என்ன? அண்ணன்காரன் அன்னைக்கே வாசல்ல சொன்னானே, இந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கும் சேக்கணும்னு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ ஏன் கேக்கல?”

“பாவமேன்னு விட்டுட்டேன்.”

“நல்ல பாவம் பாத்த போ! என் ஆஸ்பத்திரியே படுத்துப்போச்சு.”

அந்தம்மா உள்ளே போய் ஒரு பச்சைப் புடவையைக் கொண்டுவந்து நீட்டினார். நர்சம்மா வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அம்மே, நான் வெளியே உடுத்துறது எங்க நாட்டுல நல்ல உடுப்பு. பள்ளிக்கு, சர்ச்சுக்குப் போக அதுதான் மரியாதை. அப்புறம் இந்த டூட்டி வெள்ளை, இது நான் படிச்சு வாங்கினது. அத அழிச்சுப்போட மாட்டேன்.”

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு நர்சம்மாவே சொன்னார். “பிரசவ அறைக்குள்ளே வெள்ளை. அதுல மாற்றமில்ல. வாசல் கடந்தா உங்க ஊரு. அங்கெ நீங்க சொல்றத உடுத்தலாம்.”

“பூவு?” என்றார் டாக்டர் வீட்டம்மா.

“பூவுக்கென்ன. தாங்க.”

அடுத்த சந்தைக்கு டாக்டர் வீட்டம்மாவே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கூடை தூக்கிக்கொண்டு பின்னால். பச்சைப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். இந்தப் புடவையில் வேகமாக நடக்க வரவில்லை என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காய் வாங்க வேண்டியது ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் அந்தம்மா ஒவ்வொரு கடையிலும் நின்று, கேட்காதவர்களிடமும், “எங்க நர்சம்மா. மாப்ள பாத்துக்கிட்டிருக்காக” என்றார். தேங்காய்க் கடையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், “அப்ப இது தாலியறுத்த பொண்ணு இல்லியா? பின்ன எவடி அப்பிடிச் சொன்னது?” என்று கேட்க, “நீதான்டி சொன்ன” என்று பதில் வந்தது.

சில நாளில் ஒரு கூண்டு வண்டி வந்தது. அன்றைக்குத் திரும்பிப் போன அதே மாமியார்தான், இந்த முறை மகளோடு. வாசலில் பச்சைப் புடவையோடு நின்ற நர்சம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, கொமரியா நீ? அப்பறம் எதுக்கு வெள்ளையக் கட்டிக்கிட்டு எங்களப் பயமுறுத்துன?”

“இப்பவும் உள்ளே போனா வெள்ளதான் அம்மே. பயமுண்டா?”

“வெவரம் தெரிஞ்சபெறகு என்ன பயம்? நீ வா தாயி, இவளப் புடி.”

டாக்டர் வெளி அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்டாவுக்கு அடியில் தீயைத் தள்ளிக்கொண்டே காதை உள்ளே வைத்திருந்தேன். சிரமமான பிரசவம்தான். தன்னைக் கூப்பிடுவார்கள் என்று டாக்டரும் நினைத்தார், நானும் நினைத்தேன். கூப்பிடவில்லை. கடைசியில் குழந்தை அழுத சத்தம் கேட்டது. டாக்டர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னிடம், “கட்டில் கேட்டு வந்தவன் மறுபடி வந்தா, கெடையாதுன்னு சொல்லிரு” என்றார். நர்சம்மாவுக்கு வேலை உறுதியானது அப்படித்தான்.

மாமியார் வெற்றிலை போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். இப்போது அவருக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

“எங்க ஊர்ல ஒரு பையன் இருக்கான். வாத்தியார் வேல. பாக்கவா?”

“எங்க நாட்டுல பொண்ணுக்குக் கல்யாண உடுப்பே வெள்ளதான். உங்க பையன் பேடிச்சு ஓடிப்போவான்” என்று சிரித்தார் நர்சம்மா.

“கல்யாணத்துக்கும் வெள்ளையா?” அந்தம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். “அப்ப புருசன் செத்தா என்ன கட்டுவீக?”

“அதும் வெள்ளதான்.”

“அடியே, அப்ப எவ குடும்பக்காரி, எவ அறுத்தவன்னு எப்பிடித்தான் தெரிஞ்சுக்குவீக?”

“கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்.”

அந்தம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “கேட்டா?” என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கட்டில்கள் நிறைந்தன. தங்கை ஆலங்குடியிலேயே படித்தது. அடுத்த முந்திரிக் காலம் முடிந்தபோது அண்ணன் மட்டும் கொல்லம் போனார், மற்றவர்கள் இருந்துகொண்டார்கள். சென்னையிலிருந்து பதிவு வரவே ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அதன்பிறகு அவர் சர்க்கார் வேலைக்கு விண்ணப்பம் போட்டு, திருமயம் பக்கம் போய்விட்டார். டாக்டர் காலமான பிறகு நான் புதுக்கோட்டையில் ஒரு மரக்கடைக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருமயம் பஸ் நிற்கிற இடத்தில் அவரைப் பார்த்தேன். காதோரம் நரை. பச்சையும் இல்லை, கனகாம்பரமும் இல்லை. பழையபடி அந்தக் கோரா வெள்ளை வேட்டி, மேல்துண்டு. சர்ச்சுக்கா, ஊருக்குப் போய் வருகிறாரா, அல்லது மெய்யாகவே… கேட்டுவிடலாமா? நடுவில் கொடியும் துணியும் இல்லை. ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றுவிட்டேன்.

அவர்தான் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கை நீட்டிப் பழக்கடையைக் காட்டினார். அங்கே உயரமான ஒருவர் வாழைச்சீப்பைத் தட்டித் தட்டி விலை பேசிக்கொண்டிருந்தார்.

“அவரு அதோ நிக்காரு. நல்ல சுகமா இருக்காரு. தங்கச்சி கல்யாணத்துக்கு நாட்டுக்குப் போய்ட்டு இப்பத்தான் வாரோம்.” தமிழ் இப்போது எங்கள் ஊர்த் தமிழாகவே மாறியிருந்தது. “கேக்கணும்னு நெனச்சீங்கதானே? ஏன் கேக்கல சேட்டா? அன்னைக்கு நீங்க ஒருத்தர் கேட்டதாலதானே நான் இங்கெ இருக்கேன்.”

நான் என்னவோ முனகினேன்.

“பேச வெக்கமா இருந்தா எழுதியாவது வையுங்க” என்றார்.

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்; அவர் வீட்டுக்காரர் பழத்தோடு பின்பக்கம் ஏறிக்கொண்டார். பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அவருடைய வெள்ளை உடுப்பை ஒரு தரம் பார்த்துவிட்டு, “தனியாவா போறீங்க?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் என்ன பதில் சொன்னார் என்பது பஸ் கிளம்பிய சத்தத்தில் கேட்கவில்லை.

1966, அக்டோபர் 26, புதன்கிழமை.